பிறேக் ஒயில்: கிடைத்ததை ஊற்றும் இடமல்ல



சென்ற மாதம் பற்றரி பற்றி எழுதியபின் சிலர் பிறேக் ஒயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் அதிகமானோர் கணவனோ தகப்பனோ விட்டுச்சென்ற பழைய காரில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் குடும்பத்தைப் பார்ப்பவர்கள். நானும் அப்படித்தான். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர்.

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்சின் புகைத்தாலும் இருமினாலும் ஓடியது. கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் அந்தப் பழக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் பிறேக்கில் அது சரிவராது.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் காருக்கு ஒரு கராச்சில், பிறேக் ஒயில் கைவசம் இல்லையென்று கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டுக் கொடுத்தார்கள். "எல்லாம் ஒயில்தானே அக்கா" என்றார்களாம். சில நாட்களில் உள்ளே இருந்த றப்பர்கள் ஊதி, மிதித்த பிறேக் விடுபடாமல் சில்லுகள் கொதித்தன. அத்தனை றப்பரையும் மாற்றவேண்டி வந்தது. பெயர்தான் ஒயில், நாங்கள் கடையில் வாங்கும் பிறேக் ஒயில் எண்ணெயே அல்ல. எஞ்சின் ஒயிலோ மண்ணெண்ணெயோ ஒரு கரண்டி கலந்தாலும் றப்பர் கெடும்.

போத்தலில் டொட் 3, டொட் 4 என்று போட்டிருக்கும். மைனருக்கு இரண்டும் பொருந்தும். கொதிநிலையில்தான் வித்தியாசம்: புதிதாக இருக்கும்போது டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ், டொட் 4 குறைந்தது 230 பாகை தாங்கவேண்டும். நான் டொட் 4 தான் வாங்குகிறேன். டொட் 5 என்பது சிலிக்கோன். மற்றவற்றுடன் அதைக் கலக்கவே கூடாது. டொட் 5.1 வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடைக்காரரே மாறித் தந்துவிடுவார், வாசித்து வாங்குங்கள்.

இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். எங்கள் தட்டைத் தெருக்களில் அது தெரியாது. கண்டிப் பக்கம் இறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது உள்ளே ஆவியாகிப் பெடல் வெறுமையாகக் கீழே போய்விடும். எங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி துரு. இடம்பெயர்ந்த காலத்தில் வருடக்கணக்காக முற்றத்தில் நின்ற கார் என்றால், ஓடத் தொடங்குமுன் சில்லுகளிலுள்ள சிலிண்டர்களைக் கழற்றிப் பார்ப்பியுங்கள். துருப்பிடித்து உள்ளே குழி விழுந்திருந்தால் புது ஒயில் விட்டுப் பயனில்லை. மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே தொடர்தான்; ஒரு குழாய் ஒழுகினாலும் கால்பிறேக் முழுவதும் போய்விடும், மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டுமே. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றுவதையும் இந்த இடத்தில் யோசியுங்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒயில் தேயிலைச்சாயம்போல் கறுத்திருந்தால் காத்திருக்க வேண்டாம். பெரிய போத்தலைவிடச் சீல் உடையாத சிறிய போத்தல்கள் இரண்டு நல்லது. திறந்து மிஞ்சியதை அடுத்த வருடத்துக்கென்று வைக்காதீர்கள்.

மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைவிரிப்பின் கீழ் இருக்கிறது. மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள மண்ணை நன்றாகத் துடையுங்கள். உள்ளே விழும் ஒரு துகள் போதும். வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். எனக்கு மகள் உதவி. தூரத்துச் சில்லான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவோம். நிப்பிளில் தெளிந்த ரியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஒயில் உள்ள போத்தலுக்குள் விடவேண்டும். நான் நிப்பிளை இளக்கி "அமத்து" என்பேன், அவள் மெதுவாக மிதிப்பாள். நான் இறுக்கிய பிறகுதான் "விடு". காற்றுக்குமிழி நின்று தெளிந்த ஒயில் வரும்வரை இதேதான். இடையிடையே மேலே ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும், மாஸ்ரர் சிலிண்டர் வற்றினால் முழுவேலையும் திரும்பத் தொடங்கவேண்டும். பழைய காரில் பெடலை அடிமட்டத்துக்கு உதைக்க வேண்டாம், வழமையாகப் போகாத துருப்பகுதியில் றப்பர் உரசிக் கிழியும். நிப்பிள் இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள். முறிந்தால் செலவு கூட.

பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ரைத் தின்றுவிடும். இது நஞ்சு, சோடாப் போத்தலில் ஊற்றிப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கழிவைக் கிணற்றடியில் கொட்டவும் வேண்டாம், எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது நேரே குடிதண்ணீருக்குத்தான் போகும்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்ரர் சிலிண்டர் றப்பர் போய்விட்டது. அன்றைக்குக் காரை எடுக்கவேண்டாம். கல்லுப்போல் நின்றால், பிள்ளைகளை ஏற்றாமல், ஹான்ட் பிறேக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நடைவேகத்தில் இரண்டு தரம் ஓடிப் பாருங்கள்.