பிடிஎஃப் என்பது புத்தகம் அல்ல, புத்தகத்தின் போட்டோ

கொஞ்சம் நீளமான பதிவு. கடைசிவரை படியுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி ஒரு "மின்னூல்" வந்து விழுகிறது. கோயில் வரலாறு, குல வரலாறு, பள்ளி மலர், நம் பிள்ளைகளில் ஒருவர் எழுதிய கவிதைத் தொகுப்பு. எல்லாமே பிடிஎஃப். வந்த ஐந்தாவது நிமிடம் கைகூப்பும் படங்களும் "அருமை"களும் வரிசை கட்டுகின்றன. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள், எத்தனை பேர் இரண்டாம் பக்கம் தாண்டினீர்கள்? தாண்டாததற்கு உங்கள் சோம்பல் காரணமில்லை. அது போனில் படிக்கிற மாதிரி செய்யப்படவே இல்லை.

கணக்குப் போடுவோம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கையிலுள்ள போன் திரையின் அகலம் சுமார் 70. அதாவது மூன்றில் ஒரு பங்கு. தாளுக்கென்று 12 புள்ளி அளவில் வைத்த எழுத்து போனில் 4 புள்ளியாகச் சுருங்கிவிடும். விரலால் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். வரிக்கு வரி வலப்பக்கம் ஒரு தள்ளு, இடப்பக்கம் ஒரு இழுப்பு. பக்கத்துக்கு 30 வரி என்றால் 60 தடவை. கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியப்பாவும் அத்தையும் இந்தக் கூத்தை எத்தனை பக்கம் ஆடுவார்கள்?

பிடிஎஃப் மேல் எனக்குப் பகை இல்லை. 1993-ல் அடோபி நிறுவனம் அதைக் கொண்டுவந்ததே, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் இம்மி மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அச்சகத்துக்கு அது வரம். நொறுங்கும் பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இலங்கை நூல்களுக்காக நூலகம் நிறுவனமும் படம் பிடித்துக் காப்பது பெரிய தொண்டு. ஆனால் நேற்றுக் கணினியில் தட்டிய எழுத்தை எதற்கு இறுக்கிக் கட்டி அனுப்ப வேண்டும்?

நம் ஊர் ரிக் வண்டிக்காரர்களைப் பாருங்கள். எந்த மாநிலம் போனாலும் அந்த மண்ணைப் பார்த்துத்தான் கேசிங் பைப் இறக்குவார்கள். திருச்செங்கோட்டிலேயே அளவை முடிவு செய்துகொண்டு கிளம்புவதில்லை. ஈபப் என்ற வடிவமும் அப்படித்தான். திரைக்குத் தக்கபடி வரி தானே மடங்கும். எழுத்தின் அளவைப் படிப்பவரே வைத்துக்கொள்ளலாம்.

"பக்க அழகு கெடுமே" என்கிறார்கள். படிக்க முடியாத அழகு யாருக்கு? "கவிதை அடி உடையுமே" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அதற்கும் வழி உண்டு. நீண்ட அடி மடங்கும்போது மடங்கிய பகுதி சற்று உள்ளே தள்ளி நிற்கும்படி அமைக்கலாம். புது அடி எது, மடங்கியது எது என்று தெரிந்துவிடும். "எங்களுக்குச் செய்யத் தெரியாது" என்பதைத்தான் ஏற்க மாட்டேன். லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் இரண்டிலும் ஈபப்பாக இறக்கும் வசதி இலவசமாகவே இருக்கிறது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். எழுத்தாக இருந்ததால்தான் அவற்றைப் பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற முடிந்தது, இன்று போனிலும் படிக்க முடிகிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளமோ ஒரே நூலை ஈபப்பாகவும், ஏ4 பிடிஎஃப்பாகவும், 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பாகவும் தருகிறது. சம்பளம் வாங்காதவர்கள் செய்வதை, கணினியிலேயே பிழைப்பு நடத்தும் நீங்கள் செய்யக்கூடாதா?

மலர் தயாரிக்கும் பிள்ளைகளுக்கு ஐந்தே விதி.

1. யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால், பார்வையற்றோர் கேட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் தமிழுக்குப் பதில் பிதற்றலைத்தான் வாசிக்கும்.
2. வரி முடிவில் என்டர் தட்டாதீர்கள். பத்தி முடிவில் மட்டும் தட்டுங்கள்.
3. இடைவெளிப் பொத்தானை அழுத்தி அழுத்தித் தலைப்பை நடுவில் நகர்த்தாதீர்கள். தலைப்புக்கென்று உள்ள பாணியைப் பயன்படுத்துங்கள்.
4. இருபக்கமும் வரியைச் சமப்படுத்தாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, சிறு திரையில் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும்.
5. அனுப்புமுன் மலிவான போன் ஒன்றில், எழுத்தை மிகப் பெரிதாக வைத்துப் படித்துப் பாருங்கள்.

எழுதியவருக்குப் பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்கலாம். எழுத்தின் அளவை முடிவு செய்யும் உரிமை மட்டும் படிப்பவருடையது. அடுத்த மலரைத் தயாரிப்பவர் யாரோ, இதன் கீழே கை தூக்குங்கள். ஈபப்பாக வந்தால் முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்து, பிழையும் திருத்தித் தருகிறேன். பிடிஎஃப்பாக மட்டும் வந்தால் என்னிடமிருந்து "அருமை" வராது.