தேய்ந்த பலகையும் ஒரு வரலாறே

மாணவர்களே! பழம்பொருள் என்றவுடன் நாணயம், அஞ்சல்தலை, செப்பேடு ஆகியவை நம் நினைவிற்கு வரும். சிறுவர் காலால் உந்தி ஓட்டிய பலகையை அவ்வரிசையில் வைத்து எண்ணுபவர் மிகச் சிலரே. ஆயினும், ஸ்கேட்போர்டு எனப்படும் சறுக்குப் பலகைகளுள் பழையவற்றைத் தேடிச் சேர்ப்போர் அமெரிக்காவில் பலர் உள்ளனர். அவர்கள் வரலாற்றைக் காக்கும் பணியைச் செய்கின்றனர் என்பது என் கருத்து.

கலிபோர்னியக் கடற்கரையில் அலைமீது சறுக்கி விளையாடியோர், அலை எழாத நாள்களில் தரையிலும் அவ்வாறே செல்ல விரும்பினர். 1950களில் இவ்விளையாட்டு அங்குப் பரவியது. சக்கரக் காலணியின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றி, மரப்பலகையின் அடியில் பொருத்தினர். அடுத்துக் களிமண் கலவைச் சக்கரங்கள் வந்தன. அவை இரும்பைவிட மென்மையாக ஓடினாலும் தரையை இறுகப் பற்றவில்லை. சிறு கல் தடுக்கினாலும் ஓட்டுபவர் கீழே விழுந்தார். 1965ஆம் ஆண்டளவில், விபத்துகளைக் காரணம் காட்டிப் பல நகரங்கள் இவ்விளையாட்டிற்குத் தடை விதித்தன. 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரங்களை அறிமுகப்படுத்தினார். நல்ல பிடிப்புடைய அச்சக்கரங்களே நலிந்த விளையாட்டிற்கு மீண்டும் உயிரளித்தன. இம்மூவகைச் சக்கரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், இவ்வரலாற்றைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

பழைய பலகையைத் தேய்த்து, புதுவண்ணம் பூசிப் பளபளக்கச் செய்வோரும் உண்டு. இஃது ஏற்கத்தக்கதன்று. 1976, 1977ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவியது. நீரின்றிக் கிடந்த நீச்சல் குளங்களின் வளைந்த சுவர்களில் இளைஞர்கள் ஏறி இறங்கிப் பழகினர். அக்காலப் பலகையின் அடியில் உள்ள கீறல், அந்தக் குளத்தின் விளிம்பு எழுதிய எழுத்தாகவும் இருக்கலாம். சிதைந்த கல்வெட்டைச் செதுக்கிப் புதுப்பிப்பவரை நாம் பாராட்டுவோமா?

"ஓட்டுவதற்கு உரிய பொருளைச் சுவரில் மாட்டுவது முறையா?" எனச் சிலர் வினவலாம். ஓட்டுவதற்குப் புதிய பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன. தேய்ந்த பழைய பலகையோ உடைந்துவிட்டால் மீளாது. எனினும், விலை உயரட்டும் எனப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது பாதுகாப்பாகாது. எவர், எங்கே, எப்போது ஓட்டினார் என்ற குறிப்பையும் சேர்த்துக் காட்சிப்படுத்துவதே முறை.

தடைக்கு உள்ளான அதே விளையாட்டு, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. புகழ்பெற்ற வீரர் டோனி ஹாக்கின் முதல் பலகை இன்று அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அன்றே அதனைக் குப்பையில் எறிந்திருந்தால் இன்று எதனைக் காட்டுவர்?

பணியின்பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் எங்களைப் போன்றோர், மூட்டை கட்டும்போது முதலில் எறிவது பிள்ளைகளின் உடைந்த விளையாட்டுப் பொருள்களையே. நானும் அவ்வாறு எறிந்திருக்கிறேன். இன்று அதற்காக வருந்துகிறேன். உங்கள் பெற்றோருக்கும் இடமாற்றம் வரலாம். அப்போது ஒரே ஒரு பொருளையேனும் எடுத்து வையுங்கள். அதனுடன் நீங்கள் விளையாடிய ஊரின் பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சிந்தித்து எழுதுக: பழம்பொருளைப் புதுப்பித்தல், உள்ளவாறே காத்தல் ஆகிய இரண்டனுள் எது சிறந்தது? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.