ஊருக்கு உதவிய கல்வி

சீர்திருத்தச் சரித்திரத்தை வாசிப்போர் பெரும்பாலும் மார்ட்டின் லுத்தரோடு நின்றுவிடுகின்றனர். 1525-ல் அவருக்கு விவாகம் செய்வித்தவரும், 1546-ல் அவரது அடக்க ஆராதனையிற் பிரசங்கித்தவருமாகிய யோவான் பூகன்ஹாகனை அறிந்தோர் சிலரே. முழங்கிய குரலைப் போற்றி, அதனை நிலைபெற்ற ஒழுங்காக்கிய கையை மறத்தல் நன்றியன்று என்பது எமது கருத்து.

பூகன்ஹாகன் 1485-ல் பொமரேனியாவைச் சேர்ந்த வொலின் என்னும் ஊரிற் பிறந்தார்; கிரைப்ஸ்வால்டிற் கற்றுப் பாடசாலைத் தலைவராகிப் பின்னர்க் குருப்பட்டமும் பெற்றார். லுத்தர் 1520-ல் எழுதிய நூலொன்றைக் கண்டு முதலில் வெறுத்தார். ஊன்றிப் படித்தபின் அதன் நியாயத்திற்கு இணங்கினார். 1521-ல் விட்டன்பர்க் நகரை அடைந்து, 1523 முதல் அந்நகர ஆலயத்தின் போதகராகவும், பின்னர்ச் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரப் பேராசிரியராகவும் விளங்கினார். 1527-ல் கொள்ளைநோய் பரவியபோது சர்வகலாசாலை ஜேனா நகருக்கு மாற்றப்பட்டது. அவரோ லுத்தரோடு ஊரிலேயே தங்கி நோயாளிகளை ஆதரித்தார்.

பழைய ஏற்பாடுகள் குலைந்த நகரங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் யார்? ஏழைகளைத் தாங்குபவர் யார்? இக்கேள்விகளுக்கு விடையாகவே அவர் பிரவுன்ஷ்வைக் நகருக்கு 1528-லும், ஹாம்பர்க்கிற்கு 1529-லும், லூபெக்கிற்கு 1531-லும் சபைச் சட்டங்களை வகுத்தார். ஆராதனை முறையோடு, பெண்களுக்குரிய பாடசாலைகளும் எளியோருக்கான பொதுப் பண்டாரமும் அவற்றில் இடம்பெற்றன. ஹாம்பர்க்கில் அவர் தொடங்கிய பாடசாலை இன்றும் நடைபெறுகின்றது. 1537-ல் டென்மார்க் சென்று, அரசர் மூன்றாம் கிறிஸ்தியானுக்கு முடிசூட்டி, அந்நாட்டுத் திருச்சபையை ஒழுங்குபடுத்தி, கோபன்ஹாகன் சர்வகலாசாலையை மீண்டும் திறக்க உதவினார். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் குருப்பட்டம் பெற்றது அந்த டேனிய சபையிலேயே என்பதை நாம் நினைத்தல் தகும்.

அவரிடம் குறைகாண்போரும் உளர். 1547-ல் சாக்சனி அதிபர் போரிற் சிறைப்பட, விட்டன்பர்க் வேறொரு பிரபுவின் வசமாயிற்று. பூகன்ஹாகன் அகலாது அவர்கீழ்ப் பணியாற்றியதைப் பழைய நண்பர்களே துரோகமென்று தூற்றினர். அக்குற்றச்சாட்டு முற்றும் அற்பமானதன்று. ஆட்சியாளரோடு இணங்குவதிற் கொள்கை தளர்வதும் உண்டு. ஆயினும், தூரத்திலிருந்து உறுதி பேசுதல் எளிது. முற்றுகையிட்ட நகரில் மந்தையோடிருந்து, கலைந்த மாணாக்கரை மீண்டும் கூட்டுதல் அரிது. பதவியாசையே அவரை நிறுத்தியது என்பதும் பொருந்தாது; 1544-ல் தம்மை நாடிவந்த காமின் அத்தியட்ச பதவியை அவர் மறுத்தவரன்றோ! 1558-ல் விட்டன்பர்க்கிலேயே அவர் உயிர் நீத்தார்.

மாணவ நண்பர்களே, பட்டம் பெற்று வெளியேறும் நாளில் நமது கல்வியை எவ்வளவு கற்றோம் என்று மட்டும் அளத்தல் போதாது. நாம் வாழும் ஊரில் ஒரு பிள்ளை படிப்பதற்கும் ஓர் ஏழை பசியாறுவதற்கும் அது வழி செய்ததா என்பதே மெய்யான பரீட்சை. அப்பரீட்சையில் பூகன்ஹாகன் தேறினார்.