வீட்டுக்குள் கடல்: பவளத்துக்கு ரசீது எங்கே?

வீட்டில் வண்ண மீன் வளர்க்கும் ஆசை மும்பைக்குப் புதிதல்ல. மெரைன் டிரைவில் 1951-ல் திறக்கப்பட்ட தாராபூர்வாலா மீன் காட்சியகத்தைக் கண்டு வியந்த தலைமுறைகள் பல. ஆனால், இப்போது வசதி படைத்தோர் வரவேற்பறைகளில் இடம்பெற்று வருவது வேறு ரகம். மேலே சட்டமோ விளிம்போ இல்லாமல், கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டிச் செய்த பெரிய தொட்டி. அதில் உப்பு நீர். அந்நீரில் உயிருள்ள பவளம். சிறு கடலையே வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி இது.

“பணக்காரர்களின் பொழுதுபோக்கு, குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இதில் என்ன அக்கறை?” என்று கேட்கலாம். அக்கறை உண்டு. அந்தத் தொட்டியைத் தூக்கி வைப்பவரும், மின் இணைப்புக் கொடுப்பவரும், வாரந்தோறும் துடைத்துக் கழுவுபவரும் உழைத்துப் பிழைக்கும் மக்களே. உள்ளே அலங்காரமாக வைக்கப்படும் பவளமோ, நமது ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலுக்கும் சொந்தமான செல்வம்.

எடையும் மின்சாரமும்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 450 லிட்டர் நீர் கொள்ளும். கண்ணாடி, பாறை, மணல், தாங்கும் மேடை எல்லாம் சேர்ந்தால் எடை 600 கிலோவைத் தாண்டிவிடும். குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தொட்டி நிற்கும் இடமோ முக்கால் சதுர மீட்டர்தான். ஆகவே, பொறியாளரைக் கேட்காமல் மாடி வீட்டில் இதை வைப்பது, கீழ்வீட்டுக் குடும்பத்தின் தலைமேல் பாரம் ஏற்றுவதாகும். மரத்தளம் போட்ட பழைய சால் வீடுகளில் இதை நினைத்துப் பார்க்கவும் கூடாது.

விளிம்புச் சட்டம் இல்லாத தொட்டியில் நீரின் அழுத்தம் முழுவதையும் கண்ணாடியும் சிலிக்கோன் பசையும் மட்டுமே தாங்க வேண்டும். மேற்சொன்ன அளவுக்கு 12 மில்லிமீட்டருக்குக் குறையாத கண்ணாடி அவசியம். மேடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் பிற்பாடு ஆபத்து. பம்பு, விளக்கு, குளிரூட்டி ஆகிய அனைத்தும் உப்பு நீரின் பக்கத்திலேயே ஓடுகின்றன. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் சாதனம் இல்லாத வீட்டில், தொட்டிக்குள் கைவிட வேலையாளை அனுப்புவது அநியாயம்.

நீர் விஷயமும் எளிதல்ல. மும்பைக் கரையோரக் கடல்நீர் கலங்கலும் கழிவும் கொண்டது, உதவாது. சுத்திகரித்த நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் இதற்கென்றே தயாரித்த உப்பைக் கரைக்க வேண்டும். நிரப்பிய மறுநாளே மீனை விட்டால் செத்துப்போகும். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை மாற்றி அழிக்கும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பவளத்துக்கு 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். மே மாத மும்பையில் குளிரூட்டி ஓடாமல் அது நடவாது.

கல் எங்கிருந்து வந்தது?

பணமும் பொறுமையும் இருந்தால் இவ்வளவையும் செய்துவிடலாம். பணத்தால் தீராத கேள்வி ஒன்று உண்டு. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிரிகள் குடியிருக்கும் பாறையைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் இட்டால் நீரை அதுவே தூய்மையாக வைத்துக்கொள்ளும் என்பதை 1961-ல் எழுதி உலகுக்குச் சொன்னார். வீட்டுப் பவளத் தொட்டிகளின் அடிப்படை அதுதான். வில்லங்கமும் அங்கேதான் பிறக்கிறது. அந்தப் பாறையை யார், எந்தக் கடலிலிருந்து பெயர்த்தார்?

பவளம் வெறும் கல்லன்று. நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. பாறைபோல் திரளும் இனங்கள் பல, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. தலையளவு துண்டு உருவாகப் பல ஆண்டுகள் ஆகும்; பெயர்க்க ஒரு கடப்பாரை போதும்.

இதன் விளைவைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம். அப்பகுதி 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-ல் கல் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி முதலியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதாவது, புலிக்குள்ள பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு. மீறினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் வந்த திருத்தப்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

தொட்டி வளர்ப்போர் ஒரு வாதம் சொல்வார்கள். வெளிநாட்டுப் பண்ணைகளில் சிறு துண்டுகளை நட்டுப் பவளம் வளர்க்கிறார்கள். அதனால் கடலுக்கு நஷ்டமில்லை. பார்ப்போருக்குக் கடல்மீது அன்பு பிறக்கிறது என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. அப்படியானால் அதற்கு உரிய இறக்குமதி அனுமதியும் ரசீதும் இருக்க வேண்டுமல்லவா? நாலணா மிச்சத்துக்கும் வவுச்சர் கேட்டுப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காகிதம் இல்லாத சரக்கு திருட்டுச் சரக்கு.

பிடிபடுவது யார்? பெரும்பாலும் கூலிக்கு மூழ்கிய ஏழை மீனவன். நகரத்தில் உட்கார்ந்து ஆர்டர் கொடுத்தவர் தப்பித்துக்கொள்கிறார். வாங்குபவர் இருக்கும்வரை வெட்டுபவர் இருப்பார் என்பதை அரசு உணர வேண்டும். கரையில் காட்டும் கெடுபிடியைக் கடைகளிலும் காட்ட வேண்டும்.

வழி இருக்கிறது

கடல் மீனே வேண்டும் என்போருக்கும் வழி இல்லாமல் போகவில்லை. செயற்கைப் பாறையிலும் அதே பாக்டீரியா வளரும். 1947-ல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. இந்தத் தொழிலைக் கடலோர மீனவக் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்குக் கற்றுத்தந்து, கடனும் சந்தையும் ஏற்படுத்திக்கொடுத்தால், கடலைச் சுரண்டாமல் வருமானம் வரும். பொரிப்பகத்து மீனுக்கு அத்தாட்சிச் சீட்டு வழங்கினால் வாங்குபவருக்கும் தெளிவு பிறக்கும்.

பத்தடி அறையில் வாழும் நம்மவர் வீட்டுக் குழந்தைக்கு இரண்டடி நன்னீர்த் தொட்டியும் நாலு கப்பி மீனுமே போதும். அதிலும் உயிரின் விந்தை குறைவில்லை. வசதி உள்ளவர்கள் கடலைத்தான் வைப்பேன் என்றால் வைக்கட்டும். அதற்குள் திருட்டுக் கல் ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த வீடுகளில் வேலைக்குச் செல்லும் நம் தோழர்கள் பவளத்துக்குப் பேரம் பேசும் தரகராக ஒருநாளும் ஆகிவிடக் கூடாது. தீவுகளை இழந்தது நம் கரை. அதைக் காக்கும் பொறுப்பு, ஊரை விட்டு எங்கே இருந்தாலும், நமக்கு உண்டு.