மழைக்கு முன் மொட்டையடிக்கப்படும் மரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாதம் பிறந்துவிட்டால் நவி மும்பையின் நெருளில் எந்த செக்டருக்குப் போனாலும் இதே வேலைதான். ஒரு டெம்போ வந்து நிற்கும். இடுப்பில் கயிறு கட்டிய பையன்கள் கோய்தா அரிவாளும் எந்திர ரம்பமுமாக மரத்தில் ஏறுவார்கள். மாலைக்குள் மரத்தின் மேல்பாதி டெம்போவில் கிடக்கும். மழைக்கு முந்தைய கவாத்து என்கிறார்கள். இந்த ஆண்டு எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் மதிலோரத்து நெட்டிலிங்க மரங்களின் முறை. நான்காம் மாடிக்கு மேல் வளர்ந்திருந்தவை இரண்டாம் மாடியோடு துண்டிக்கப்பட்டு, இலை ஒன்றுகூட இல்லாமல் கம்பங்களாக நிற்கின்றன.

மரத்தில் கத்தியே படக்கூடாது என்று நான் வாதாடவில்லை. மின்கம்பியை உரசும் கிளையையும் பட்டுப்போன கிளையையும் வெட்டத்தான் வேண்டும். 2021 மே மாதத்துத் தவ்தே புயலில் மும்பையில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இருக்கும் பயமும் நியாயமானதே. ஆனால் இப்படி வெட்டினால் அந்த ஆபத்து கூடும், குறையாது.

நெட்டிலிங்கம், மா, நாவல், மகிழம் எல்லாம் என்றும் பச்சையாக நிற்பவை. இலையுதிர்க்கும் மரம் வெறுங்கிளையோடு சில காலம் தாக்குப்பிடிக்கப் பழகியது. இவை அப்படியல்ல, அன்றாட உணவை இலையில்தான் தயாரிக்கின்றன. மொத்த இலையையும் ஒரே நாளில் பறித்துவிட்டால், வேரில் இருக்கும் சேமிப்பைக் கரைத்துத்தான் மறுபடி துளிர்க்க வேண்டும். இலைகளின் நிழலிலேயே இருந்து பழகிய பட்டை மே மாத வெயிலில் வெந்து வெடிக்கும்.

இதைத் தேயிலைத் தோட்டத்துக்காரர்களிடம் கேட்டால் தெரியும். தேயிலையும் என்றும் பசுமையான செடிதான். வால்பாறையிலும் நீலகிரியிலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கடுமையாகவே கவாத்து செய்கிறார்கள். ஆனால் அதற்கு முன் வேரைக் கிள்ளி எடுத்து, அயோடின் தடவி, போதிய மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் உண்டு. வெட்டும்போதும் செடி மூச்சுவிட ஓரிரு கிளைகளை இலையோடு விட்டுவைத்து, புதுத் துளிர் வந்த பிறகே அவற்றை எடுப்பார்கள். இடுப்பளவுச் செடிக்கு அங்கே இவ்வளவு யோசனை. நாலு மாடி உயர மரத்துக்கு இங்கே யாரும் அரைமணி நேரம்கூடச் செலவிடுவதில்லை.

எங்கே வெட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் இருக்கும். அதற்கு வெளியே, கட்டை மிஞ்சாமல் வெட்ட வேண்டும். கனத்த கிளையென்றால் முதலில் அடியில் ஒரு வெட்டு, பிறகு மேலே, கடைசியில் வளையத்தை ஒட்டி ஒன்று. இல்லாவிட்டால் கிளை சாயும்போது பட்டையும் நீளமாகக் கிழிந்து வரும். அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்தவர். மரத்தின் காயம் நம் காயம்போல ஆறுவதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றி மரம் சுவர் எழுப்பி அடைக்கிறது என்று காட்டினார். தண்டையே குறுக்கே வெட்டினால் அடைப்பது கடினம். உள்ளே மக்கிக்கொண்டிருக்கும், வெளியே துடைப்பம்போலத் துளிர்கள் கிளம்பும். ஆழத்தில் பிடிமானமில்லாத அந்தக் கிளைகள்தான் சில ஆண்டுகளில் கனத்து, காற்றில் முறிந்து விழும். உடனே மரம் ஆபத்தானது என்று மறுபடி ஒப்பந்தக்காரரை அழைப்பார்கள்.

வேரைப் பற்றியோ யாருக்கும் கவலையில்லை. அடிமரம்வரை பேவர் பிளாக் பதித்துவிட்டு, காற்றில் ஏன் சாய்ந்தது என்று கேட்கிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே தில்லிக்கு உத்தரவிட்டது. இங்கே அதை யாரும் பின்பற்றிக் காணோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரத்தை எவ்வகையில் சேதப்படுத்தினாலும் அது மரத்தை வெட்டியதாகவே கொள்ளப்படும். 2021 திருத்தம் ஐம்பது வயதான மரத்தைப் பாரம்பரிய மரம் என்கிறது. நகரமைப்பு நிறுவனமான சிட்கோ இந்த ஊரை உருவாக்கிய காலத்தில் நட்ட மரங்கள் அந்த வயதை நெருங்குகின்றன. தில்லியில் 15.7 செ.மீ. சுற்றளவு வரையான கிளைகளை அனுமதியின்றி வெட்டலாம் என்றிருந்த விதியை உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ரத்து செய்தது. நம் பக்கத்து ஊரான தாணேயில் 2019 ஆகஸ்டில் ஒரு குடியிருப்பில் கிளைகளை வெட்டியபோது கூடுகளோடு விழுந்த கொக்கு, நீர்க்காகக் குஞ்சுகள் இறந்து, விவகாரம் காவல்துறைவரை போனது.

எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய அனுமதிக் கடிதத்தில் மரங்களின் எண்ணிக்கை இருந்தது. எந்தக் கிளை, எவ்வளவு, யார் மேற்பார்வை என்று ஒரு வரி இல்லை. அனுமதி தருபவர்கள் இதை மாற்ற வேண்டும். ஒவ்வொரு மரத்துக்கும் வெட்ட வேண்டிய கிளையைக் குறித்து அனுமதி தரட்டும். கால் பங்குக்கு மேல் பச்சையை எடுப்பதையும் உச்சியை வெட்டுவதையும் தடுக்கட்டும். கூடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரம்பம் ஏறட்டும். வெட்டும்போது பயிற்சி பெற்ற ஒருவர் கீழே நிற்கட்டும். கடிதத்தின் நகல் ஒரு வாரம் முன்பே வாசலில் ஒட்டப்படட்டும். இந்த ஆண்டு மொட்டையான மரங்களில் அடுத்த மே மாதம் மறுபடி கைவைக்கக் கூடாது. அவற்றின் அடியில் இருக்கும் பேவர் பிளாக்கை இந்த மழைக்காலத்துக்குள் பெயர்த்தெடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நெருள், நவி மும்பை