கிருமிக்கு இரை, நோயாளிக்குச் சோறு

1959ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில், சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. நுரையீரல் காசநோயாளியை ஊருக்கு வெளியே ஒரு சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, நல்ல காற்றைச் சுவாசிக்கவைத்தால்தான் தேறுவார் என்று மருத்துவ உலகம் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைச் சென்னையின் நெரிசலான தெருக்களில், ஒற்றை அறை வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் தகர்த்துக் காட்டினார்கள். தமிழ் மண்ணில் பிறந்து உலகின் மருத்துவ நடைமுறையையே மாற்றிய ஆய்வு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆனால் அதை உலகம் படித்த விதத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அந்தப் பிழையைத் திருத்த அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சானடோரியக் காலம் எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய காலமல்ல. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரெமர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோர்பர்ஸ்டோர்ஃப் மலை ஊரில் தொடங்கிய முறை அது. ஓய்வு, குளிர்காற்று, அடிக்கடி வயிறார உணவு. அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரூடோ 1880களில் சாரனாக் ஏரிக்கரையில் அதையே செய்தார். இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்திய டேவிட் சௌரி முத்து நம்மவர். 1917இல் கணித மேதை ராமானுஜன் அவரிடம் சிகிச்சைக்குச் சேர்ந்தார். ராமானுஜனுக்கு இருந்தது காசநோய்தானா என்பதில் பின்னாளைய மருத்துவர்களுக்கு ஐயம் உண்டு. அன்றைய மருத்துவர்கள் அப்படித்தான் கருதினார்கள். அந்நிய நாட்டில், போர்க்காலத்தில், சைவ உணவு கிடைக்காமல் அவர் உடல் தேய்ந்ததில் மட்டும் ஐயமில்லை. அதே சௌரி முத்து ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்தில் நிறுவியதுதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சானடோரியம் என்ற அதன் பழைய பெயரைத் தாங்கிய ரயில் நிலையத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் ஏறி இறங்குகிறார்கள்.

ஆனால் 1950களின் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோரையும் சானடோரியத்தில் சேர்ப்பது கனவிலும் நடக்காது. அதற்குள் புதிய மருந்துகள் வந்துவிட்டன. ஆகவே 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து சென்னையில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார்.

193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள், மறுபாதியினர் வீட்டிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பாஸ் என்ற அதே இரு மருந்துகள், ஓராண்டுக்கு. பாஸ் மருந்தை ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். வாயெல்லாம் கசப்பு, வயிற்றைப் புரட்டும். வீட்டில் இருந்தவர்கள் வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் வந்து மீதி மருந்தை எண்ணிப் பார்ப்பார், சிறுநீரை வாங்கிச் சோதிப்பார். ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் இருந்தவர்களில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கித் தேறியிருந்தார்கள். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாருக்கு இதனால் நோய் கூடுதலாகத் தொற்றவுமில்லை. அதற்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அதே நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் மையம் கவனமாக அளந்து 1961இல் தனி அறிக்கையாக வெளியிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்களின் உணவு எளியது, போதாதது. வேலைக்குப் போனவர்களும் உண்டு. ஆனாலும் தேறிய விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை. சரியான மருந்தை ஓராண்டு ஒழுங்காகச் சாப்பிட்டால், உணவில் உள்ள ஏற்றத்தாழ்வு நோய் அடங்குவதைத் தடுக்கவில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அளவாக, நேர்மையாகச் சொல்லப்பட்ட முடிவு. ஆனால் கொள்கை வகுப்பவர்களின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது: காசநோய்க்கு மாத்திரை போதும், சோறு முக்கியமல்ல. சோறு கொடுக்கப் பணம் இல்லாத அரசுகளுக்கு அது வசதியாகவும் இருந்தது.

கிருமி நீங்கியதா என்பதுதான் அந்த ஆய்வு கேட்ட கேள்வி. அதற்கு அது சரியான விடை சொன்னது. உடலில் வலுவில்லாதவர் மருந்து வேலை செய்யும்வரை உயிரோடு இருப்பாரா, நலமடைந்தவர் திரும்ப உழைக்க முடியுமா, அதே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடும் குழந்தைகளுக்கு நோய் வருமா என்பவை வேறு கேள்விகள். கேட்காத அந்தக் கேள்விகளுக்கான விடையை, கேட்ட ஒரே கேள்வியின் விடையிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

இதில் வியப்பு என்னவென்றால், நோயாளியின் சாப்பாட்டை மறந்த அதே ஆய்வுலகம் கிருமியின் சாப்பாட்டைப் பற்றி ஓயாமல் யோசித்துக்கொண்டிருந்தது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார் என்றால், அதற்குப் பிடித்த இரையைக் கண்டுபிடித்ததும் ஒரு காரணம். சூட்டில் கெட்டியாக்கிய இரத்தச் சீரத்தில் அவர் அதை வளர்த்தார். சில ஆண்டுகளில் கிளிசரின் சேர்த்தால் அது செழித்து வளர்வதைப் பிரான்சில் கண்டார்கள். கால்மெட், கெராங் என்ற இரு ஆய்வாளர்கள் உருளைக்கிழங்குத் துண்டைப் பித்தநீரிலும் கிளிசரினிலும் வேகவைத்து அதன்மேல் மாட்டுக் காசநோய்க் கிருமியை வளர்த்தார்கள். 1908 தொடங்கி 13 ஆண்டுகளில் 230 முறை புதுக் கிழங்குக்கு மாற்றி மாற்றி வளர்த்ததில் அதன் வீரியம் போயிற்று. நம் கைக்குழந்தைகளின் இடது தோளில் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி அப்படி வந்ததுதான்.

இன்றும் ஆய்வகங்களில் இந்தக் கிருமிக்கு முட்டை உண்டு. லோவன்ஸ்டைன்–ஜென்சன் ஊடகம் என்று அதற்குப் பெயர். கோழிமுட்டையை உடைத்து அடித்து, உப்புகளும் கிளிசரினும் வேறு கிருமிகள் வளராமலிருக்க மலக்கைட் பச்சைச் சாயமும் கலந்து, சிறு குப்பியில் ஊற்றிச் சாய்த்துவைத்துச் சூடுபடுத்தினால் வெளிர் பச்சை நிறத்தில் உறைந்துவிடும். அதன் சரிவில் நோயாளியின் சளியைத் தடவி 37 டிகிரியில் வைப்பார்கள். மற்ற பல கிருமிகள் ஒரே இரவில் பெருகிவிடும். இது வாரக்கணக்கில் காத்திருக்கவைக்கும். இருபது மணி நேரத்துக்கு ஒரு முறைதான் இரண்டாகப் பிரியும். எட்டு வாரம்வரை பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்ல முடியும். கடைசியில் சொரசொரப்பாக, மங்கிய மஞ்சளில், உதிரி உதிரியாகத் தலைகாட்டும்.

ஆனால் குப்பியில் அது விரும்பித் தின்பதும் நுரையீரலில் அதற்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. சென்னை மையம் தொடங்கிய அதே 1956இல் ஹியூபர்ட் பிளாக், வில்லியம் செகல் என்ற இருவர் ஒரு சிறு சோதனை செய்தார்கள். எலியின் நுரையீரலில் வளர்ந்த கிருமிகளை வெளியே எடுத்துப் பல வகை இரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குளுக்கோஸுக்கும் கிளிசரினுக்கும் அவை அசையவில்லை. கொழுப்பு அமிலம் கொடுத்தபோது அவற்றின் மூச்சு வேகமெடுத்தது. நம் உடலுக்குள் அது கொழுப்பைத் தின்று பிழைக்கிறது என்பதன் முதல் தடயம் அது. 2000ஆம் ஆண்டில், கொழுப்பிலிருந்து சர்க்கரை ஆக்க உதவும் ஐசோசிட்ரேட் லையேஸ் என்ற நொதியை நீக்கினால் கிருமி எலியின் நுரையீரலில் நிலைக்க முடியாமல் போவது தெரிந்தது. 2008இல் நம் செல்களின் கொலஸ்ட்ராலையே அது உடைத்து உண்பது தெரிந்தது. நோய்க்கட்டிகளின் ஓரத்தில் கொழுப்புத் துளிகள் நிறைந்து நுரைத்த வெள்ளணுக்கள் இருப்பதை நோய்க்கூறு மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கண்டிருந்தார்கள். கிருமி அந்தத் துளிகளுக்கு அருகிலேயே தங்குகிறது.

இதைப் படித்துவிட்டு நோயாளிக்கு எண்ணெயும் நெய்யும் ஆகாது என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரும் தவறு. நோயாளி பட்டினி கிடந்தால் கிருமி பட்டினி கிடக்காது. அவர் உடலின் சொந்தக் கொழுப்பும் தசையும்தான் கரையும். கிருமி அதற்குள் எங்கோ தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும்.

சென்னை நோயாளிகள் விழுங்கிய மருந்துகளே கிருமியின் உணவுமுறையிலிருந்து பிறந்தவைதாம். 1940இல் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் பெர்ன்ஹெய்ம், சாலிசிலிக் அமிலம் கொடுத்தால் காசநோய்க் கிருமி கூடுதலாக ஆக்சிஜனை உள்ளிழுப்பதைக் கண்டார். ஸ்வீடனின் யார்கன் லேமன் அதைப் படித்துவிட்டு நேரெதிராக யோசித்தார்: கிருமி ஆவலோடு எடுத்துக்கொள்ளும் பொருளையே சற்று மாற்றிக் கொடுத்தால் அதன் தொண்டையில் சிக்காதா? அப்படி வந்ததுதான் பாஸ். 1945இல் பிரான்சில் ஷோரீன் என்பவர், நம் உணவில் உள்ள பி3 வைட்டமினின் ஒரு வடிவமான நிக்கோடினமைடு காசநோயை அடக்குவதைக் கவனித்தார். அந்த வழியில் தேடியவர்களுக்கு ஐசோனியாசிட்டும் பைரசினமைடும் அகப்பட்டன. ஐசோனியாசிட்டின் கதை இன்னும் விசித்திரமானது. பிராக் நகரில் 1912இலேயே அதைத் தயாரித்திருந்தார்கள், ஆனால் எதற்கு உதவும் என்று தெரியாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஐசோனியாசிட் நோயாளியின் உடலிலுள்ள பி6 வைட்டமினையும் வீணாக்கும். சத்துக்குறைவோடு வந்தவர்களுக்குக் கால் எரிச்சல், மரத்துப்போதல். இதை அளந்து, வைட்டமின் கொடுத்துத் தடுக்கலாம் என்று காட்டியதில் சென்னை மையத்துக்கும் பங்குண்டு. அதாவது மருந்துக்கும் உணவுக்கும் இடையிலான கணக்கை அதே மையத்தின் ஆய்வாளர்கள் அறிந்தே இருந்தார்கள். அறிந்தது மருத்துவமனை வாசலைத் தாண்டிப் போகவில்லை.

நோய் எதிர்ப்பின் பக்கம் பார்த்தால் விஷயம் தெளிவு. இந்தக் கிருமி உடலுக்குள் நுழைந்த பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. வெள்ளணுக்கள் அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைக்கின்றன. இரும்புச்சத்தை அதன் கைக்கு எட்டாமல் ஒளிக்கின்றன. புரதமும் ஆற்றலும் குறைந்த உடலால் அந்த முற்றுகையைத் தொடர முடியாது. இரண்டாம் உலகப் போரில் ஒரே ஜெர்மானியச் சிறைமுகாமில் பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் இருந்தார்கள். முன்னவர்களுக்குச் செஞ்சிலுவைச் சங்க உணவுப் பொட்டலம் வந்தது, பின்னவர்களுக்கு வரவில்லை. காசநோய் ரஷ்யர்களிடம் பலமடங்கு அதிகமாக இருந்ததாக லேட்டன் என்ற மருத்துவர் 1946இல் எழுதினார். இங்கிலாந்தின் பாப்வொர்த் குடியிருப்பில் நோயாளிகள் குடும்பத்தோடு தங்கி வேலையும் நல்ல உணவும் பெற்றார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியும் நோய் குறைவாகவே வந்தது. இந்தச் சான்றுகளெல்லாம் நூலகங்களில் இருந்தன.

உணவு காசநோயைத் தடுக்குமா என்பதை உரிய முறையில் சோதிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள், சென்னையின் அதே காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளையும் அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேரையும் பின்தொடர்ந்தார்கள். நோயாளிகள் அனைவருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு. சிகிச்சைக்கு வந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு உடல் நிறை குறியீட்டெண் 16க்கும் கீழே இருந்தது. எலும்பும் தோலுமாக வந்திருக்கிறார்கள். 2023இல் முடிவு வந்தது. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் 39 விழுக்காடு குறைவு. பிறருக்குத் தொற்றவைக்கும் வகை 48 விழுக்காடு குறைவு. முதல் இரண்டு மாதங்களில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்திருந்தால் உலகமே கொண்டாடியிருக்கும்.

தமிழ்நாடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதே திசையில் ஒரு நல்ல அடி. நோய் உறுதியான உடனே எடையும் உயரமும் பார்த்து, மூச்சு எண்ணிக்கையையும் ஆக்சிஜனையும் அளந்து, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கவனித்து, மிகவும் மெலிந்தவர்களையும் தளர்ந்தவர்களையும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கையில் ஒரு தாளும் எடைக்கருவியும் இருந்தால் போதும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யலாம். ஒன்றிய அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் பணம் வங்கிக் கணக்கில் வருவதற்குள் முதல் இரண்டு மாதம் போய்விடுமானால், எடை கூட வேண்டிய காலமே கைநழுவிவிடும்.

குடும்பத்தாருக்கான உணவில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். ஜார்க்கண்டில் ஆய்வுக்காக வீடு வீடாக மூட்டை கொண்டுபோக வேண்டியிருந்தது. நம்மிடம் எல்லாக் குடும்பங்களுக்குமான ரேஷன் கடை ஊருக்கு ஊர் இருக்கிறது. அரிசியும் துவரம்பருப்பும் பாமாயிலும் ஏற்கெனவே அங்கே வருகின்றன. காசநோய் உறுதியான நாளிலேயே அந்தக் குடும்ப அட்டையில் ஆளுக்கு 1.5 கிலோ பருப்பைக் கூடுதலாகப் பதிவுசெய்ய புதிய கிடங்கு வேண்டாம், புதிய துறை வேண்டாம். சுகாதாரத் துறையும் உணவு வழங்கல் துறையும் ஒரு பட்டியலைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அட்டையில் நோயின் பெயர் தெரியாதபடி. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கலாம்.