அலாய் வீல் மாட்டிய காரும் அணையாத மஞ்சள் விளக்கும்

 

நம் இல்லங்களில் புதுக் கார் வந்ததும் அதன் சொந்தச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் பளபளக்கும் அலாய் வீல் வாங்கி மாட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது. மாப்பிள்ளைக் கார் என்றால் சொல்லவே வேண்டாம். (அந்தக் கார் யாருடைய பணத்தில் வந்தது என்னும் வினாவை வேறொரு மாதம் பேசுவோம்.) அழகை விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும், பழைய சக்கரத்துடன் சேர்ந்தே கழன்று போகும் ஒரு பொருளைப் பற்றி, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

டயரின் காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் சென்சார்தான் அது. காற்று அடிக்கும் வால்வின் அடிப்புறத்தில், ரிம்மின் உட்பக்கத்தில் அது பொருத்தப்பட்டிருக்கும். காற்று குறைந்தால் வானொலி அலை மூலம் செய்தி அனுப்பும். உடனே டாஷ்போர்டில், குதிரை லாடம் போன்ற வடிவின் நடுவே வியப்புக்குறி கொண்ட மஞ்சள் விளக்கு எரியும்.

இக்கருவி கட்டாயமானதன் பின்னணியில் பல குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல்பகுதி பிரிந்து வண்டிகளைக் கவிழ்த்தன. நம்மவர் பெருந்தொகையாக உழைத்துவரும் சவூதி அரேபியாவிலும் அண்டை வளைகுடா நாடுகளிலும் 1999-லேயே ஃபோர்டு நிறுவனம் அந்த டயர்களை மாற்றித் தரத் தொடங்கியது. அமெரிக்காவிலோ 2000 ஆகஸ்டில்தான் சுமார் 65 இலட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அங்கு மாண்டவர் மொத்தம் 200 பேருக்கும் மேல். டயரின் குறை ஒருபுறமிருக்க, குறைந்த காற்றும் கடும் வெப்பமும் மிகுந்த வேகமும் ஒன்று சேர்ந்ததும் காரணமாகப் பேசப்பட்டது. அதே ஆண்டு அங்கு சட்டம் பிறந்தது. 2007 செப்டம்பர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இந்த எச்சரிக்கை வசதி கட்டாயமாயிற்று.

இப்போது நம் காருக்கு வருவோம். வெளிக்கடையில் சக்கரம் மாற்றுபவர், பழைய ரிம்மிலுள்ள சென்சாரைக் கழற்றிப் புதிய ரிம்மில் பொருத்தாமல், சாதாரண ரப்பர் வால்வைச் செருகி அனுப்பிவிடுவதுண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிட அளவு விட்டுவிட்டு மின்னிப் பின் நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் "எனக்குச் சென்சாரின் செய்தி வரவில்லை" என்று அது சொல்கிறது என்பதே பொருள். மின்னாமல் நேராக எரிந்தால் காற்று குறைவு. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், "புது வீல் போட்டால் அப்படித்தான் எரியும்" என்னும் கடைக்காரரின் சொல்லை நம்பி, விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பின்னர் உண்மையிலேயே காற்று இறங்கும் நாளில் சொல்வதற்கு யாருமில்லை.

ஆகவே சக்கரத்தை விலை பேசும்போதே சென்சாரையும் பேசி முடியுங்கள். பழைய சென்சார் புதிய ரிம்மில் பொருந்துமா என்று கேளுங்கள். அதனுள்ளிருக்கும் மின்கலம் ஐந்து முதல் பத்து ஆண்டுகள்வரை உழைக்கும். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டியதுதான். புதிதாக வாங்கினால் காரின் அலைவரிசைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். 315 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் காரிடம் 433 மெகாஹெர்ட்ஸ் சென்சார் எவ்வளவு கூவினாலும் பயனில்லை. பொருத்திய பின் கார் அதனை அடையாளம் கண்டுகொள்ளச் செய்யும் வேலையும் பல வண்டிகளில் உண்டு.

சில கார்களில் தனிச் சென்சாரே இராது. சக்கரங்களின் சுழலும் வேகத்தை ஒப்பிட்டு, ஏபிஎஸ் அமைப்பே காற்றுக் குறைவைக் கண்டுபிடிக்கும். அவ்வகையில் சக்கரம் மாற்றிய பின் சரியான காற்று அடித்து, ரீசெட் செய்தல் அவசியம். காற்று குறைந்த நிலையில் ரீசெட் செய்தால் அந்தக் குறையையே அது சரியென்று கொள்ளும்!

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டில் 2020-இல் வந்த விதித்திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்த எச்சரிக்கையும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அத்தகைய காரில் சென்சாரையும் தொலைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நள்ளிரவில் பைபாஸ் சாலையில் தூங்கும் குழந்தைகளுடன் நிற்கும்போது இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதால் பயனில்லை.

ஸ்டெப்னி இருந்தாலும் அது மாட்டக்கூடியதாக இருக்க வேண்டுமே! வெளி அலாய் வீலுக்கென்று தந்த நட்டின் அடிவடிவம், டிக்கியிலுள்ள இரும்புச் சக்கரத்தின் துளையில் பொருந்தாமல் போகலாம். இறுகியது போலத் தோன்றி, ஓட்டத்தில் தளரும். எனவே காருடன் வந்த பழைய நட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னியுடன் வைத்திருங்கள். திருட்டுக்கு அஞ்சிப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி வீட்டு அலமாரியில் அல்ல, வண்டியிலேயே இருக்கட்டும். சில அலாய் வீல்களின் நடுத்துளையில் ஒரு பிளாஸ்டிக் வளையம் செருகுவார்கள். சக்கரத்தைக் கழற்றும்போது அது அச்சிலேயே தங்கிவிட்டால் ஸ்டெப்னி சரியாக உட்காராது. இவற்றையெல்லாம் அறிய ஒரே வழி, ஒரு விடுமுறை நாளில் வீட்டு வாசலிலேயே ஜாக்கி வைத்து ஸ்டெப்னியை ஒருமுறை மாட்டிப் பார்ப்பதுதான். காரோட்டும் சகோதரிகளும் உடனிருந்து பழகுவது நலம்.

பெரிய ரிம்மில் பக்கச்சுவர் குட்டையான டயர் இருந்தால், காற்றிறங்கிய நிலையில் சில நூறு மீட்டர் உருட்டினாலே அது உள்ளுக்குள் நைந்துவிடும். வெளியே தெரியாது, அதை ஒட்டி ஓட்டுவது ஆபத்து. பஞ்சர் கடையில் டயரைப் பிரிக்கும் முன்பே, "வால்வுக்கு அருகே சென்சார் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். இயந்திரத்தின் அலகு அங்கே பட்டால் உடைந்துவிடும். பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஆணியே இல்லாமல் காற்று இறங்கினால், பள்ளத்தில் மோதி ரிம் வளைந்திருக்கக் கூடும். விளிம்பில் சோப்புநீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். பிடுங்கிய ஆணியைச் சாலையில் எறிய விடாதீர்கள். பாதையிலுள்ள தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம்.

சென்சார் சரியாக இருக்கிறதென்று அளவுமானியைக் கைவிட்டுவிடாதீர்கள். அமெரிக்க விதியில்கூட விளக்கு எரிய வேண்டியது காற்று 25 விழுக்காடு குறைந்த பிறகுதான். 32 இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை அது வாய் திறவாமல் இருக்கலாம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையில் குடும்பத்துடன் முழுச் சுமை ஏற்றும்போது எவ்வளவு என்பதும் இருக்கும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடித் தெரிவது இயல்பு. அதனைக் கண்டு காற்றைத் திறந்து விடாதீர்கள்; காலையில் புறப்படும் முன் அளப்பதே சரியான அளவு.

வழியில் டயர் போய்விட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானே குறையவிட்டு இடதோரம் ஒதுங்குங்கள். வளைகுடாவில் இருப்போர் வலதோரம். நான்கு விளக்குகளையும் மின்ன விட்டு, பெண்களையும் குழந்தைகளையும் சாலையை விட்டு விலகிய இடத்தில் நிறுத்துங்கள். வண்டி சாய்ந்த தரையிலோ போக்குவரத்துக்கு மிக அருகிலோ நின்றால் சக்கரம் மாற்றத் துணியாமல், தேசிய நெடுஞ்சாலையில் 1033 எண்ணை அழையுங்கள். ஜாக்கி தூக்கும் முன் நட்டுகளைச் சற்றே தளர்த்துங்கள். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் அணையுங்கள். ஸ்டெப்னியை மாட்டி 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி நட்டுகளை மறுபடியும் இறுக்கிவிட்டு, பழுதான டயரை அடுத்த ஊரிலேயே சரிசெய்து கொள்ளுங்கள்.